இரண்டு கையெழுத்துக் காசோலை

கணக்காளனாக நான் அடிக்கடி காண்பது இது: வங்கியில் பணம் இருக்கும். கையெழுத்திட வேண்டிய இரு பங்காளிகளும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். காசோலை போகாது. தவிப்பவர், பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்.

பிளவுபட்ட நாடுகளின் வாக்குறுதிகளும் அப்படித்தான். 2023 ஒக்டோபரில் உக்ரைனுக்காகச் சுமார் 61 பில்லியன் டொலரை ஜனாதிபதி பைடன் காங்கிரசிடம் கேட்டார். மெக்சிக்கோ எல்லைப் பிரச்சினையை முன்வைத்து குடியரசுக் கட்சியினர் தடுத்தனர். 2024 பெப்ரவரியில் செனட் நிறைவேற்றியும், பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. உக்ரைன் படையினர் எறிகணைகளை எண்ணியெண்ணிச் சுட்டனர்; அதே பெப்ரவரியில் அவ்தீவ்கா நகரைக் கைவிட்டனர். ஏப்ரல் 20 இல் வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு 311, எதிர்ப்பு 112. பெரும்பான்மை இருந்தும் ஆறு மாதம் வீணாயிற்று.

நட்பு நாடுகள் இதில் கற்ற பாடம்: ஒப்பந்தத்தோடு அடுத்த தேர்தலையும் பார்க்கவேண்டும். ஐரோப்பா தன் பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எதிரிக்கோ, காலத்தை இழுத்தாலே பாதி வெற்றி.

இது நாமும் பட்டதுதான். 2012 முதல் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்கா. ஆட்சி மாறியபின், 2018 இல் மனித உரிமைகள் பேரவையை விட்டே அது வெளியேறியது. அந்தப் பொறுப்பைப் பிரித்தானியா ஏற்றிராவிட்டால் நம் கோப்பு அங்கேயே மூடப்பட்டிருக்கலாம்.

ஆகவே, எந்த நாட்டில் வாழ்ந்தாலும் ஒரு கட்சியின் கதவை மட்டும் தட்டாதீர்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும்.