பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பந்தி

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் வெளியூர் வண்டிகள் அதிகம் நிற்பதில்லை. தேக்கடிப் படகுக்கும் சபரிமலைக்கும் போகிறவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு டீ குடிக்கும் இடம், அவ்வளவுதான். மகாபலிபுரம், தஞ்சாவூர், காரைக்குடி என்று தேடிப் போகிற கலை ரசிகர்களும் இந்தப் பக்கம் தங்குவதில்லை என்பதுதான் வருத்தம். பார்க்க ஒன்றுமில்லாததால் அப்படி நேரவில்லை. இங்கே விளைந்தது எதுவானாலும், நெல்லோ பழமோ பாட்டோ, வெளியூருக்குப் போய்த்தான் பேர் வாங்குகிறது. விளைந்த இடத்தில் அதைக் காட்டவும் பரிமாறவும் பள்ளத்தாக்கு பழகவில்லை. அந்தப் பழக்கத்தைச் சாப்பாட்டு இலையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

முதலில் கலையைப் பார்ப்போம். உத்தமபாளையத்தை ஒட்டிக் கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிலர் அமர்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள்; பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் படமெடுத்திருக்கிறது. ஓரங்களில் வட்டெழுத்து. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அந்தத் தாழ்ந்த புடைப்புகள் தெளிந்து வருவதைப் பார்க்கவே ஒரு மாலை தேவைப்படும். மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் சமணத் துறவி அச்சணந்தியின் பெயர் இங்கேயும் உண்டு. சமணர் பள்ளியும் கருப்பணசாமியும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்ட இந்த ஊரைத் தாண்டித்தான் தினமும் அத்தனை வண்டிகளும் போகின்றன. நம் காலத்துக் கதையும் இதுதான். பண்ணைப்புரத்து இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகவும், அல்லிநகரத்து பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ வழியாகவும் தமிழ் சினிமாவின் காதையும் கண்ணையும் மாற்றினார்கள். கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததாக நாம் கொண்டாடும் அந்த இரண்டாவது படம் எடுக்கப்பட்டதோ கர்நாடகத்தின் கொள்ளேகால் பக்கம்.

இனி இலை. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. ஆனால் சாலையோர ஓட்டல் பலகைகளில் செட்டிநாடு சிக்கனும் பள்ளிபாளையம் சிக்கனும் கோபி மஞ்சூரியனும் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே தெரியும் வயலின் பெயர் இருப்பதில்லை. பன்னீர் திராட்சையின் நிலை இன்னும் விசித்திரம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பழத்துக்கு, ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம். எந்தக் கொடியில் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்பது கைப்பழக்கம். தப்பினால் அந்த மகசூலே போச்சு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஒரே ஊரில் ஒரு பந்தலில் பூவும் அடுத்ததில் கருங்குலையும் பார்க்கலாம். தோல் மெல்லியது, சாறு அதிகம், வாசனை தனி. நாள் கணக்கில் தாங்காத பழம். தாங்காது என்பதாலேயே பறித்த இடத்தில் தின்ன வேண்டிய பழம் அது. காமயகவுண்டன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பந்தலுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கடையில், பாட்டில் ஜூசுக்குக் கொடுக்கும் இடத்தை இந்தச் சாற்றுக்குக் கொடுத்தால் என்ன?

விவசாயிக்கு விலை வெளிச்சந்தையில்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். கேரளச் சந்தை வாங்காவிட்டால் இங்கே காய்கறி போட்டவர் கடனாளியாவார். போடியில் ஏலத்துக்கு வரும் ஏலக்காய் வடநாட்டுக்குப் போனால்தான் காசு. லாரியை நிறுத்தச் சொல்லவில்லை. லாரிக்குப் போகாத கனிந்த பழத்துக்கும், உதிர்ந்த குலைக்கும், உள்ளூர் அரிசிக்கும் பக்கத்திலேயே வாங்குகிறவர் இருந்தால் அது கூடுதல் வரும்படி. இன்னொரு ஆட்சேபம் கனமானது: ‘பாரம்பரிய உணவு’ என்று பெயர் வைத்ததுமே மண்சட்டியும் வாழையிலையும் அலங்காரமாகி, விலை மூன்று மடங்காகி, உள்ளூர்க்காரரே உள்ளே வர முடியாமல் போகிறது. பல ஊர்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால்தான் புது உணவகம் வேண்டாம் என்கிறேன். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் வீட்டு விருந்தில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் உண்டு; தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களுக்குத் தனித்தனிக் கைப்பக்குவம் உண்டு. இருக்கிற மெஸ்களே வாரத்தில் ஒரு நாள் அவற்றில் ஒன்றைச் சமைத்து, அரிசி எந்த ஊர் என்று பலகையில் எழுதினால் போதும். பரோட்டாவும் அதே பலகையில் இருக்கட்டும். இரவு ஷிப்ட் லாரிக்காரரின் சாப்பாடும் இந்த ஊர் சாப்பாடுதான்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. சிற்பத்துக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்கு அரை மணி என்று பிரிக்கிற பழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் செல்லாது. கம்பம் நந்தகோபாலன் கோயிலுக்குப் போனால் செதுக்கிய மூலவரைத் தேட வேண்டாம். தம்பிரான் மாட்டுத் தொழுவமே அங்கே சன்னிதி, கூட்டம் கூடுவது மாட்டுப் பொங்கலுக்கு. மாட்டையும் வயலையும் விட்டுவிட்டு அந்த வழிபாட்டைப் புரிந்துகொள்ள வழியே இல்லை. வருவதும் இப்போது சுலபம். 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி ரயில், அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பிவிட்டது. சென்னையிலிருந்தே நேராக வரலாம். ரயில் நிலையத்தில் மாட்ட வேண்டியது ஒரே ஒரு பலகை: உத்தமபாளையம் பாறைக்குப் பஸ் எத்தனை மணிக்கு, இந்த வாரம் எந்த ஊரில் திராட்சை அறுப்பு, எந்த மெஸ்ஸில் இருபோக அரிசிச் சோறு.