மூலம் என்றால் முடிவா?



“பொண்ணுக்கு மூல நட்சத்திரமா? அப்போ வேண்டாம்.” எங்கள் கலந்துரையாடலுக்குத் தொலைபேசியில் வந்த தாயார் ஒருவர் இதைச் சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. மகள் ஆசிரியை. மூன்று வரன்கள் தட்டிப் போய்விட்டன. மூன்று வீட்டாரும் நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்ததோடு ஜாதகத்தை மூடிவிட்டார்களாம்.

“ஐயா, ஒரு கிரகம் ஒரு நட்சத்திரத்தில் நிற்பதை எப்படிப் படிப்பது?” என்று அரங்கில் இருந்த ஜோதிடரைக் கேட்டேன். அவர் விளக்கியதை எளிமையாக இங்கே தருகிறேன்.

ராசிச் சக்கரம் 360 பாகை. அதை 27 ஆகப் பங்கிட்டால் ஒரு நட்சத்திரத்திற்கு 13 பாகை 20 கலை. பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற நட்சத்திரமே ஜென்ம நட்சத்திரம். சந்திரன் ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கிறது. ஆக, 27 பேரில் ஒருவர் மூலம்! அத்தனை பேருக்கும் ஒரே பலனா?

படிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நட்சத்திர அதிபதி. மூலத்துக்கு அதிபதி கேது. அசுவினிக்கும் மகத்துக்கும் அவர்தான். ‘மகம் ஜகத்தை ஆளும்’ என்று புகழும் நாம், அதே கேது சாரம் பெற்ற மூலத்தைக் கண்டு மட்டும் ஏன் மிரள்கிறோம்? அந்த ஜாதகத்தில் கேது எங்கே, யாரோடு இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ராசி அதிபதி. மூலம் முழுவதும் தனுசு ராசியில் அடங்கும். அது குருவின் வீடு. குருவின் பலத்தைப் பார்க்காமல் பலன் சொல்லக் கூடாது.

மூன்றாவது, பாதம். மூலத்தின் நான்கு பாதங்களும் நவாம்சத்தில் முறையே மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம் ஆகும். இரண்டாம் பாதத்தில் பிறந்தால் நவாம்சத்தில் சந்திரன் உச்சம். நான்காம் பாதத்தில் ஆட்சி. தோஷம் சொல்பவர்களிலும் பலர் முதல் பாதத்தை மட்டுமே குறிப்பிடுகிறார்கள்.

‘பெண் மூலம் நிர்மூலம்’ என்ற பழமொழியும், ‘ஆனி மூலம், பின் மூலம்’ என்பதிலிருந்து திரிந்தது என்று சொல்வோர் உண்டு.

மலேசியாவில் பிறந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் இந்திய நேரப்படி கணிக்கப்படுவது. நம் கடிகாரம் அதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. 1982 ஜனவரி முதல் தேதிதான் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. எனவே 1970களில் இங்கே பிறந்தவர்களுக்கு வித்தியாசம் இரண்டு மணி நேரமே. இதைக் கழிக்காமல் கணித்தால் பாதம் மாறலாம், நட்சத்திரமே மாறலாம். ஒரு பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தானே!

ஜோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர்கள் முழுமையாகப் படிக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். பெயரை மட்டும் பார்த்து ஒரு பெண்ணை ஒதுக்குவது ஜோதிடமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

நிகழ்ச்சி முடிவதற்குள் அந்தத் தாயாரிடம் பிறந்த நேரத்தைக் கேட்டுக் கணித்தார் ஜோதிடர். மூலம்தான், இரண்டாம் பாதம். “அம்மா, இனி யாராவது கேட்டால் நட்சத்திரத்தை மறைக்காதீங்க. பாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்க,” என்றார்.

மறுமுனையில் அவர் சிரித்தது எங்கள் அரங்கம் முழுவதும் கேட்டது.