இளையோர் உறக்கமும் மனச்சோர்வும்

முதற்பாட வேளையிலேயே மேசைமேல் தலை சாய்க்கும் மாணவனைச் 'சோம்பேறி' என்பது பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். அச்சொல் பலவேளைகளில் பொருந்தாது என்பதை உடலியலும் உளவியலும் இன்று தெளிவுறக் காட்டுகின்றன.

இரவு பகலுக்கேற்ப உடலை இயக்கும் கடிகாரம் ஒன்று மூளையினுள் உண்டு. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் சுரப்புநீர் ஊற, உறக்கம் வருகின்றது. பருவமெய்தும் காலத்தில் இக்கடிகாரம் 2 மணி நேரம் வரை பிந்துகின்றது. ஆதலின், இளையோர் பலர்க்கு இரவு 11 மணிக்கு முன் கண் அயர்வது அரிது. 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகள் பல காலை 7.30 மணியளவில் தொடங்குகின்றன. தொலைவிலுள்ள தோட்டத்து மாணவர் பேருந்துக்காக வைகறையிலேயே எழவேண்டும். இதில் உறக்கத்திற்குப் பொழுது ஏது? எஞ்சியதையும் கைப்பேசி கவர்ந்துகொள்கின்றது.

மனச்சோர்வு நோய் உற்றோர் உறக்கம் இழப்பர் என்பது முன்னரே அறிந்த செய்தி. உறக்கமின்மை அந்நோயின் அடையாளம் மட்டுமன்று. பலரிடத்து நோய்க்கு முன்னரே தோன்றுவதும் ஆகும் என்பது பிற்கால ஆய்வுகள் உணர்த்தும் உண்மை. உறக்கம் குறைந்தவர் சிறு கடுஞ்சொல்லையும் பெருந்துயராகக் கொள்வர். துயருற்ற உள்ளமோ நள்ளிரவில் நடந்ததையே மீண்டும் மீண்டும் எண்ணி உறக்கத்தை விரட்டும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது.

இத்தொடரை அறுக்க வழியுண்டா? சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016ஆம் ஆண்டில் தன் தொடக்க நேரத்தை 45 நிமிடம் தள்ளி, 8.15 ஆக்கியது. ஒரு மாதத்திற்குப்பின் மாணவியர் படுக்கையில் கழித்த நேரம் சராசரி 23 நிமிடம் கூடியிருந்தது. 9 மாதங்களுக்குப் பின்னும் அக்கூடுதல் நிலைத்ததோடு, உறங்கிய நேரமும் முன்னையினும் 10 நிமிடம் கூடியிருந்தது, பகற்கலக்கம் குறைந்தது, மனநலமும் மேம்பட்டிருந்தது.

பள்ளி நேரத்தை மாற்றுவது தனியாசிரியர் ஒருவரால் இயலாது. மாணவனைக் கூர்ந்து நோக்குதல் இயலும். இளையோரின் மனச்சோர்வு அழுகையாக அன்றி எரிச்சலாகவும் வெளிப்படும். சிலர் உறக்கம் இழப்பர், சிலர் மிகுதியாக உறங்குவர். விளையாட்டில் நாட்டமின்மை, நண்பரை ஒதுக்கல், பசியின்மை, உறக்கக்கேடு ஆகியவை 2 வாரம் தொடர்ந்து காணப்படின், வகுப்பின் முன் கடிந்துரைத்தல் தகாது. தனியே அழைத்து, "இரவில் நன்றாக உறங்குகிறாயா?" என்று பரிவுடன் வினவுதல் வேண்டும். பின்னர்ப் பெற்றோர், ஆலோசக ஆசிரியர், மருத்துவர் ஆகியோரின் துணையை நாடுதல் முறை. சாவைப் பற்றி மாணவன் பேசுவானாயின், அன்றே செயற்படுவது ஆசிரியரின் நீங்காக் கடமையாகும்.