உங்கள் முதல் 'அ' எங்கே?

குட்டீஸ்! நீங்கள் முதன்முதலில் எழுதிய 'அ' இப்போது எங்கே இருக்கிறது? விஜயதசமி அன்று அரிசியில் எழுதியது அப்போதே கலைந்திருக்கும். சிலேட்டில் எழுதியதை நீங்களே எச்சில் தொட்டு அழித்திருப்பீர்கள்! ஒன்றாம் வகுப்பு நோட்டு? பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியிருக்கலாம்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். கை திருந்திய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். அதனால் நம் முன்னோர் எழுதிய முதல் எழுத்துகள் மணலோடு போய்விட்டன.

ஆனால், ரஷ்யாவில் ஒரு சிறுவனின் கையெழுத்து தப்பியிருக்கிறது! பெயர் ஆன்ஃபிம். சுமார் 750 ஆண்டுகளுக்கு முன் நோவ்கரோத் நகரில் வாழ்ந்தவன். வயது ஆறோ, ஏழோ இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரப்பட்டையில் எழுத்துகளை எழுதிப் பழகினான். போரடித்தால் படம் வரைவான்! குதிரை வீரன் ஒருவனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதிக்கொண்டான். காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைந்திருந்ததால் அந்தப் பட்டைகள் மக்கவில்லை. 1956-இல் தோண்டி எடுத்தார்கள்.

அவனுக்கு மண் துணை நின்றது. நம் எழுத்துக்கு வீட்டார்தான் துணை. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் வீட்டில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889-இல் அது அச்சுப் புத்தகம் ஆனது. திருநெல்வேலியில் இன்னொரு வீட்டிலோ, இருந்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று தண்ணீரில் விட்டுவிட்டதாகச் சொன்னார்களாம்! இதை 'என் சரித்திரம்' நூலில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

உங்கள் எழுத்தைக் காப்பாற்ற ஓர் ஆல்பம் போதும். இதோ வழி:

* வருடத்துக்கு நாலைந்து தாள் எடுத்து வையுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை.

* தாளின் பின்னால் பெயர், வயது, தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். சில ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும்.

* செல்லோடேப் வேண்டாம். நாளானால் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சி வரும். கெட்டி அட்டையில் நான்கு கீறல் போட்டு, தாளின் முனைகளைச் செருகிவிடுங்கள்.

* வெயிலும் ஈரமும் படாமல், பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.

மேல்தட்டு ஏன்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் நனைந்து வீணாயின. ஆகவே, ஒவ்வொரு தாளையும் செல்போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ அனுப்பி வையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

இன்னொரு யோசனை: தாத்தா, ஆச்சியிடமும் ஒரு தாளைக் கொடுத்து, அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அதையும் ஆல்பத்தில் சேர்த்துவிடுங்கள். தேதி போட மறக்காதீர்கள்!