தேரும் முட்டுக்கட்டையும்

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் கபாலீசுவரர் தேர் வலம் வரும். வடம் பிடிப்போரை யாவரும் காண்கின்றனர். நானோ, சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவர்களையே கவனிப்பது வழக்கம். பௌதிகம் பயிலும் மாணவர்களும் அவர்களைக் கவனிக்கவேண்டும் என்பது என் ஆசை.

நிற்கும் தேர் எளிதில் புறப்படுவதில்லை. அதன் பாரமே காரணம் என்கிறோம். அது பாதி உண்மைதான். உராய்வே இல்லாத ஒரு தளத்தில் அதே தேர் நிற்குமாயின், ஒரு சிறுவன் இழுத்தாலும் நகரும். மிக மிக மெதுவாக நகரும், அவ்வளவே! 1687-இல் நியூட்டன் வெளியிட்ட விதிகளிலிருந்து பெறப்படுவது இது. வீதியில் நம்மை மறிப்பது அச்சிலும் தரையிலும் எழும் உராய்வு. உருளும்போது இருப்பதைக் காட்டிலும் நிற்கும்போது அச்சின் உராய்வு மிகுதி. நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அந்த எல்லையைத் தாண்ட இயலாது. ஒரே கணத்தில் இழுக்கவேண்டும். வடம் பிடிப்போர் சேர்ந்து எழுப்பும் முழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. பெருந்தேர்களுக்குப் பின்புறம் நெம்புகோலும் இடுவார்கள்.

புறப்பட்டபின் கதை வேறு. முன்னாளில் சடத்துவம் என்றும் இந்நாளில் நிலைமம் என்றும் நாம் கூறும் குணம் இப்பொழுது தன் வலிமையைக் காட்டுகிறது. கணக்குக்காக 30,000 கிலோ நிறையுள்ள ஒரு தேரை எண்ணிக்கொள்வோம். அது விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது. நிதானமாக நடப்பவரின் வேகம்கூட இல்லை. அதன் இயக்க ஆற்றல் 3,750 ஜூல். அதைப் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த 37,500 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய நான்கு டன் பாரத்துக்கு ஒப்பானது. அதே வேகத்தில் வரும் சைக்கிளையும் அதில் அமர்ந்தவரையும் ஒரு கையாலேயே நிறுத்திவிடலாம். தேர் மெல்லத்தானே வருகிறது என்று சக்கரத்தை நெருங்குவோர் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். வடத்தைத் தளர்த்தினாலும் அது உடனே நிற்பதில்லை. கட்டை இடுபவரோ சக்கரம் வந்து சேருமுன் தம் விரல்களை விலக்கிக்கொள்கிறார். கட்டையின் சரிவில் சக்கரம் ஏறுகையில் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி தேரைச் சற்றே மேலே தூக்குவதில் செலவாகிறது. எஞ்சியது உராய்வில் தேய்கிறது.

கிழக்கு மாட வீதியின் தென்கோடிக்கு வரும் தேர், வலப்புறம் திரும்பித் தெற்கு மாட வீதியில் நுழையவேண்டும். அதற்குத் திருப்புவிசை தேவை. வலப்பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டையைச் செலுத்துகிறார்கள். அச்சக்கரம் தயங்க, இடச்சக்கரம் முந்த, தேரின் முகம் மெல்ல மேற்கே திரும்புகிறது. வடமும் மேற்கே வளைந்து நீள்கிறது. கட்டையை உருவிக்கொண்டு அவர்கள் அடுத்த சக்கரத்துக்கு ஓடுகிறார்கள்.