எண்ணிலிருந்து பெயருக்கு

நுழையும்முன்

பேரிடர் நிகழும்போது இறந்தோரின் எண்ணிக்கை முதலில் வெளியாகிறது. காணாமற்போனவருக்காகக் காத்திருக்கும் குடும்பமோ ஒரே ஒரு பெயரைத் தேடி நிற்கிறது. அப்பெயரை மீட்டுத் தரும் அறிவியலையும் அதற்குத் துணைநிற்கும் ஒழுங்குமுறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆழிப்பேரலை உணர்த்தியது

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தனர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கல்பாக்கம், மாமல்லபுரம் பகுதிகளும் பாதிப்புக்கு உள்ளாயின. நாகையில் பல உடல்கள் உறவினர் வந்து காணும் முன்பே பொதுக்குழிகளில் அடக்கம் செய்யப்பட்டன. வேளாங்கண்ணிக்கு வழிபட வந்திருந்த வெளியூரார் பலரை அடையாளம் சொல்ல அங்கு எவரும் இலர்.

இவ்விரைவுக்கு நோய் பரவும் என்னும் அச்சமும் ஒரு காரணம். ஆயினும், இயற்கைப் பேரிடரில் நீரில் மூழ்கியும் அடிபட்டும் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. அடையாளம் காண்பதற்குரிய காலத்தை அச்சத்தால் இழந்துவிடக் கூடாது என்பதே இதனால் அறியப்படும் உண்மை.

மூன்று முதன்மைச் சான்றுகள்

முகம் பார்த்து அடையாளம் சொல்வது எளிது என்று தோன்றும். ஆனால், நீரும் நெருப்பும் வெப்பமும் முகத்தை மாற்றிவிடுகின்றன. துயரில் இருப்பவரின் கண்ணும் தவறக்கூடும். உடையும் அணிகலனும் துணைச்சான்றுகளே. எனவே, இன்டர்போல் எனப்படும் பன்னாட்டுக் காவல் அமைப்பு 1984-இல் வெளியிட்ட வழிகாட்டியின் மரபில் விரல்ரேகை, பல்லமைப்பு, மரபணு ஆகிய மூன்றும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

விரல்ரேகை ஒருவருக்கு அமைந்தவாறு மற்றொருவருக்கு அமைவதில்லை. இதற்கென ஒரு பணியகம் 1897-இல் கொல்கத்தாவில் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்தியர் இருவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், மனித உடலில் மிகக் கடினமான பொருள். தீயிலும் பல் பெரும்பாலும் எஞ்சும். அதே ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் இறந்த அயல்நாட்டினர் பலரை அவர்களுடைய பல் மருத்துவக் குறிப்புகளே அடையாளம் காட்டின. அத்தகைய குறிப்புகளைப் பேணும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இல்லை.

ரேகையும் பல்லும் உதவாத இடத்தில் மரபணு கைகொடுக்கிறது. ஒவ்வொருவரும் மரபணுக் கூறுகளில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். அவற்றின் சில இடங்களில் ஒரே குறுந்துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அவ்வெண்ணிக்கைகளைப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரியோடு ஒப்பிட்டு உறவை உறுதி செய்கின்றனர். சிறு எலும்புத்துண்டோ பல்லோ இதற்குப் போதுமானது. ஒப்பிட உறவினர் எவரும் எஞ்சாதபோது இம்முறையும் இடர்ப்படுகிறது.

தொடர்பு அறாத எண்

ஆய்வகத்தின் வெற்றி களத்திலேயே தொடங்குகிறது. கிடைத்த ஒவ்வோர் உடலுக்கும் உடற்பகுதிக்கும் தனியெண் இட வேண்டும். கிடைத்த இடம், நேரம், ஒளிப்படம் ஆகியவற்றை அவ்வெண்ணோடு பதிய வேண்டும். பிணவறையிலும் ஆய்வகத்திலும் அதே எண் தொடர வேண்டும். ஓர் எண் மாறினால் ஒரு குடும்பம் வேறொருவரை அடக்கம் செய்துவிடும். மற்றொரு குடும்பம் தேடிக்கொண்டே இருக்கும். அட்டைகள் நனைந்து எழுத்து அழியும் இடரைத் தவிர்க்க, தாய்லாந்தில் எண் பொதிந்த மின்னணுச் சில்லுகள் உடல்களில் பொருத்தப்பட்டன. வானலைக் கருவியால் அவ்வெண்ணைப் படிக்க முடியும்.

> தெரிந்து தெளிவோம்
> இன்டர்போல் முறையில், இறந்தவரின் உடலில் கண்டறிந்த செய்திகள் இளஞ்சிவப்புப் படிவத்திலும், காணாமற்போனவரைப் பற்றி உறவினர் தரும் செய்திகள் மஞ்சள் படிவத்திலும் பதியப்படுகின்றன. இரண்டும் பொருந்திய பின்னரே அடையாளம் உறுதியாகிறது.

அண்மைக்கால நிகழ்வுகள்

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலாசோர் மாவட்டத்தில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுத் தொடர்வண்டி விபத்துக்குள்ளானது. ஒரே உடலுக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரிய நிலையில் மரபணு ஆய்வே தீர்வு தந்தது. முகப்படங்களைக் கைப்பேசி இணைப்புப் பதிவுகளோடு கணினிவழி ஒப்பிட்டும் உறவினரைத் தேடினர். எவரும் உரிமை கோராத 28 உடல்கள் நான்கு மாதங்களுக்குப் பின் எரியூட்டப்பட்டன. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் இறந்தபோது, பெரும்பாலோர் மரபணு ஆய்வால் அடையாளம் காணப்பட்டனர். அப்பணி அம்மாத இறுதிக்குள் நிறைவுற்றது.

அடையாளத்தின் பயன்

அடையாளம் உறுதியானால்தான் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்கும். உதவித்தொகை, காப்பீடு, சொத்துரிமை ஆகியன அச்சான்றிதழைச் சார்ந்துள்ளன. காணாமற்போன ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் செய்தி இல்லையெனில் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது நம் சட்டத்தின் பொதுவிதி. பணத்தினும் பெரிது, உரியவருக்கு உரியவர் இறுதிக்கடன் ஆற்றும் உரிமை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. சாலியாற்று வெள்ளம் பல உடல்களை நிலம்பூர் வரை அடித்துச் சென்றது. அடையாளம் தெரியாதோர் புத்துமலையில் அடக்கம் செய்யப்பட்டு, ஒவ்வொரு குழியின்மீதும் எண் குறித்த கல் நடப்பட்டது. கண்ணூர் ஆய்வகத்தில் மரபணு முடிவுகள் வந்தபின், எண் மட்டும் இருந்த இடங்களில் பெயர்கள் எழுதப்பட்டன.

கற்பவை கற்றபின்

1. "பேரிடர்க் காலத்தில் இறந்தோரை அடையாளம் காண்பது உயிரோடிருப்போருக்குச் செய்யும் உதவி" – இக்கருத்து குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் குடும்பத்தினரின் பெயர், குருதி வகை, உடல் அடையாளம், தொடர்பு எண் ஆகியவற்றைக் கொண்ட பாதுகாப்புக் குறிப்பேடு ஒன்றை உருவாக்குக.