ஜீப் கவிழ்ந்தால் யார் பொறுப்பு?

விடியுமுன்பே கம்பம், கூடலூர், போடித் தெருக்களில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் சகிதம் பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக கேரளத்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாய இறங்குவார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். அந்தக் கூலியில் படித்தே நான் வக்கீலானேன்.

மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் தோட்டத்துத் தரப்பு பெரும்பாலும் சொல்வது: "விபத்து ரோட்டுலதானே நடந்துச்சு, தோட்டத்துல இல்லையே." 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கே பணம் என்றது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவர்கள் நிறைய.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை 3 மணிக்கு டியூட்டி. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் போனவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்பே விபத்தில் இறந்தார். குடும்பத்துக்கு 3,26,140 ரூபாய் தரச் சொன்ன உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. இருபது வருடத்துக்கு மேல் அலைய வைத்துவிட்டுத்தான்!

2025 நவம்பர் 21 அன்று அமலான நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதையே எழுத்தில் வைத்திருக்கிறது: வீட்டிலிருந்து வேலைக்கும், வேலை முடிந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தே. அமலான கையோடு கேரள அரசு அதை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பழைய சட்டப்படியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம்தான். இப்படி இழப்பீடு கேட்கும் வழக்கில் டிரைவர் மேல் தப்பென்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் நேரம், இடம், வேலை மூன்றுக்கும் தொடர்பு காட்டியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். காலில் கட்டோடு வந்த ஒரு அக்காவிடம், அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டேன்.

"கங்காணி நோட்டுல பேரு இருக்கும் தம்பி, அம்புட்டுத்தான்."

அந்த நோட்டு அதற்குள் காணாமல் போயிருந்தது.

புதிய தொகுப்புகள் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன, கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கங்காணியின் வருகைப் பக்கத்தையும் ஜீப் நம்பரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். விபத்து நடந்தால் எஃப்.ஐ.ஆர். நகலை விடாதீர்கள். வழக்குப் போட இடுக்கிக்கு ஏற வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம்.